மூன்று மில்லிமீற்றர்

மாங்குளம் சந்தியில் இறங்கி
துணுக்காய் வீதியால் நாலு நிமிசம் நடந்தால் எங்கள் பட்டறை.
கதவடியில் ஒற்றைச் செருப்புகள் கிடக்கும்.

பதினைந்து வருடமாக நான் கால் செய்கிறேன்.

தொடக்கத்தில் வந்தவர்களிடம் காரணம் கேட்டதில்லை.
படிவத்தில் அந்தக் கட்டத்தை
நானே நிரப்பிவிடுவேன்.
இப்போது கேட்கவேண்டியிருக்கிறது:
சீனி வருத்தமா, மோட்டார்சைக்கிளா?
சீனிக்காரருக்குப் புண் வந்தாலும் தெரியாது.
அவர்களுடைய தோல் என்னிடம் பொய் சொல்லும்.
அதற்காக ஒரு டிப்ளோமா படித்தேன்,
இரவு பத்து மணிக்கு,
சிக்னல் பிடிக்கத் தண்ணீர்த் தாங்கியடியில் நின்றபடி.
பிறகு புதுப் பிளாஸ்ரிக், புது அடுப்பு.
பிறகு 'பயனாளி' என்ற சொல்லை
'வாடிக்கையாளர்' என்று மாற்றச் சொன்னார்கள்.
மாற்றினேன்.

தை மாதம் ஸ்கானர் வந்தது,
ஒரு அயன்பெட்டி அளவில்.
கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்த அனோஜன்
பரிஸ் சாந்து வாளியைக் காலால் மெல்லத் தள்ளி
"இது இனித் தேவைப்படாது மிஸ்" என்றான்.
மரியாதையாகத்தான் சொன்னான்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன்.
வயது நாற்பத்தாறு.
வீட்டுக்கடன் இன்னும் ஆறு வருசம்.
பென்சன் இல்லாத வேலை.
என் தொழிலுக்கு ஆள் குறையவேண்டும் என்று
வற்றாப்பளையில் நேர்ந்தவள் நான்.
குறைகிற ஆள் நானாக இருப்பேன் என்று நினைக்கவில்லை.

முதலில் அதன் பிழைகளைத் தேடினேன்.
கிடைத்தன. சந்தோசமாக இருந்தது.
அதற்குச் சேறு தெரியாது.
குந்தியிருந்து வரம்பு கட்டுவது தெரியாது.
கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும்
குதி தாழ்ந்து ஆள் பின்னுக்குச் சாய்வதை
யாரும் அதற்குச் சொல்லியிருக்கவில்லை.
எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி
அனோஜனுக்கு அனுப்பினேன்.
அடுத்த கிழமையே அரைவாசியைத் திருத்திவிட்டார்கள்.

பிறகொரு நாள், கை பழகுவதற்காக,
ராக்கையில் கிடந்த என் பழைய சாந்து அச்சுகளை
ஸ்கான் பண்ணினேன்.
முப்பத்தொரு அச்சு.
திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது
முழங்காற் சில்லுக்குக் கீழே,
என் வலக்கைப் பக்கமாக,
எல்லாவற்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு.
மூன்று மில்லிமீற்றர் கூடுதலான பள்ளம்.

வேறுவேறு ஊர், வேறுவேறு கால்.
ஒரே பெருவிரல்.

முத்தையன்கட்டுப் பூலோகராசாவுக்கு அழைத்தேன்.
ஒன்பது வருடத்தில் மூன்று கால்
அவருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.
"அண்ணை, சில்லுக்குக் கீழ நோகிறதோ?"
வாய்க்கால் தண்ணீர்ச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.
"ஓம் தங்கச்சி. நோகும்."
"ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"
"பொய்க்கால் எண்டால் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்."

ஒட்டுசுட்டான் பஸ்ஸில் வந்தார்,
ஒரு பை பயித்தங்காயோடு.
ஸ்கானரைப் பிடித்தபடி அவரைச் சுற்றி வந்தேன்.
ஒரு காலைத் தொடாமல் அளந்தது அதுதான் முதல் தடவை.
எதற்கும் இருக்கட்டும் என்று
கடைசியில் தொட்டும் பார்த்தேன்,
பெருவிரலை மடக்கிக்கொண்டு.

பத்து நாள் கழித்து
புதுக் காலோடு முற்றத்தில் இரண்டு சுற்று நடந்தார்.
திடீரென்று நின்றார்.
குனிந்து பார்த்தார்.
"என்ன அண்ணை?"
"ஒண்டுமில்லை. அந்த நோவைக் காணேல்லை.
கால் கழண்டுபோட்டுதோ எண்டு பாத்தன்."

இன்னும் முப்பது பேர்.
கொப்பியிலுள்ள இலக்கங்களில் பாதி
இப்போது பாவனையில் இல்லை.
மிச்சத்தை ஒவ்வொன்றாக அழுத்துகிறேன்,
அதே பெருவிரலால்.